கீழ் இலையின் மஞ்சள்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் கதிர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தான். உள்ளே ஒரே ஒரு இலை இருந்தது. கஞ்சா இலை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் பதற வேண்டாம். நான் இருக்கும் கனடாவில் இப்போது அது சட்டப்படி வளர்க்கிற பயிர். எங்கள் சிறு நகரத்துக்கு வெளியே, முன்பு தக்காளி விளைந்த கண்ணாடிக் கூடாரங்களில் அதைத்தான் வளர்க்கிறார்கள். கதிருக்கு அங்கே வேலை. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தான். போடியில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் "தோட்டக்கலைத் துறையில் இருக்கிறான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

"அம்மா, இது ஏன் மஞ்சள் ஆகுது? ஒரு வரிசை முழுக்க இப்படி இருக்கு" என்றான்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பையைத் தொடாமலே பார்த்தேன்.

"கீழ இருந்து பறிச்சியா, மேல இருந்தா?"

"கீழ."

"மேல குருத்து எப்படி இருக்கு?"

"பச்சை. நல்லா இருக்கு."

"அப்ப இரும்புச் சத்துக் குறை இல்ல. நரம்பு பச்சையா இருக்கு, நடுவுல மட்டும் மஞ்ச. மெக்னீசியம் பத்தல. நான் கால் ஊற வைக்கிற உப்பு இருக்குல்ல, அதத் தண்ணியில கரைச்சு இலைமேல அடிக்கச் சொல்லு."

அவன் கைபேசியில் எதையோ தேடினான். பிறகு என்னைப் பார்த்தான். என் மகன் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்து வெகுநாள் ஆயிற்று.

"நீ நர்ஸ். உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல பாத்தது" என்றேன். அவனுக்கு யாரோ போன் செய்தார்கள். பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான். நான் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

2

என் பெயர் செல்லத்தாய். இங்கே ஷெல்லி. முதல் நாள் மருத்துவமனையில் என் பெயரை மூன்று பேர் முயன்று பார்த்துவிட்டு ஷெல்லி என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று எவ்வளவோ சொல்லியும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். அப்பா பெயரை எழுதினேன். அன்று முதல் வங்கியிலும் பல் மருத்துவரிடமும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "மிஸ் பெருமாள்" என்று குரல் வந்தால் நான் எழுந்து போகிறேன்.

நான் இங்கிலீஷில் நர்சிங் படித்தவள்தான். ஆனாலும் ஆரம்பத்தில் ஒரு கிழவரிடம் காலையில் "மோஷன் போனீர்களா?" என்று நம் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் படுத்தபடியே ஒரு காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். அந்த வார்டே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு நினைவில்லை.

என் கணவர் இறந்துவிட்டார். கதிர் வாரம் ஒருமுறை வருவான், துணி துவைத்துக்கொண்டு போவான். அவனுக்குத் தமிழ் புரியும். சமையலறைக்குத் தேவையான அளவுக்குப் பேசுவான். அதற்கு மேல் இருவரும் முயல்வதில்லை. வேலை முடிந்து வந்தால் வெந்நீரில் உப்பைப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு டிவி பார்ப்பேன். அந்த உப்பை இங்கே வாசனை சேர்த்து அழகான டப்பாவில் விற்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பேதி உப்பு என்று பெயர். வயிறு சுத்தமாகக் கொடுப்பார்கள்.

3

நாங்கள் போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்துக்காரர்கள். மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. எழுபதுகளில் மழை ஏமாற்ற ஏமாற்ற அப்பா மலையேறிவிட்டார். போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காவல் வேலை. யானை, குரங்கு, காய்த் திருடன் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். காய் எடுக்கும் பருவத்தில் அம்மாவும் நானும் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி மேலே போய், கூலிக்காரர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் அப்பாவோடு தங்கிக்கொள்வோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். மார்க் இருந்தது, மேலே படிக்க வழியில்லை. கூடையைக் கட்டிக்கொண்டு ஏலச்செடித் தட்டைகளுக்கு அடியில் குந்தி ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தின் முதலாளி போடியில் இருந்தார். மேலே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது அவருடைய மச்சினர். மேனேஜர் என்று சொல்வோம். விவசாயம் படித்தவர், மரியாதையான மனிதர். கூலிக்காரப் பெண்களை வாடி போடி என்று கூப்பிட்டதில்லை.

ஒருநாள் மத்தியானம் போலீஸ் ஜீப் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், தோட்டத்து எல்லையில், காட்டை வெட்டித் திருத்திய ஒரு சரிவில் கஞ்சாச் செடி இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். எங்களையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே வரிசையாக நிறுத்தினார்கள். என் உயரத்துக்குச் செடிகள் நின்றன. புளிச்சக்கீரை இலை மாதிரியே இருந்தது. நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இது ஆரு வச்சது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மேனேஜர்தான் சொன்னார். "சார், இது எங்க எல்லைக்குள்ள இல்ல. காட்டுல தானா முளைச்சிருக்கும். பறவை எச்சத்துல விழுந்திருக்கும்."

இன்ஸ்பெக்டர் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். விவசாய இலாகாவிலிருந்து ஓர் இளம் அதிகாரியைக் கூடவே கூட்டி வந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, கையில் குடை. "சார், இது தானா முளைச்சதா, வளத்ததா? பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்த அதிகாரி குடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு செடியின் அடியில் உட்கார்ந்தார். போலீஸ், மேனேஜர், குற்றவாளி என்ற நினைப்பெல்லாம் அவரை விட்டுப் போய்விட்டதுபோல இருந்தது. ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தார். வகுப்பு எடுப்பதுபோலப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

"கீழ் இலையைப் பாருங்க. நரம்பு பச்சை, நடுவுல மஞ்ச. இது மெக்னீசியம் பத்தாததால வர்றது. தழைச்சத்துக் குறைன்னா இலை முழுக்க ஒண்ணுபோல வெளுக்கும், நரம்பையும் விடாது. சாம்பல் சத்துக் குறைன்னா ஓரம் தீஞ்ச மாதிரிக் கருகும். இரும்புச் சத்துக் குறைன்னா கீழ காட்டாது, குருத்துலதான் காட்டும். இந்த மலை மண்ணுல மழை அடிச்சு அடிச்சு மெக்னீசியம் கரைஞ்சு போயிரும். அதான் இப்படி."

"அது கெடக்கட்டும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருங்க. இப்ப மேல பாருங்க. பாதிச் செடிக்கு மேல ஒரு மஞ்ச இலைகூட இல்ல. ஏன்? நடுவுல யாரோ பாத்துட்டு மருந்து குடுத்திருக்கான்." ஓர் இலையின் மேல் வெள்ளையாகப் பொடிப் பொடியாக ஏதோ காய்ந்திருந்தது. சில நாளாக அங்கே மழை இல்லை. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்துத் துப்பினார். "பேதி உப்பு. தண்ணியில கரைச்சு இலைமேல அடிச்சிருக்கான். இது தானா முளைச்சது இல்ல. வளத்த செடிதான்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்துத் தலையசைத்தார். ஏட்டு எழுதினார்.

அதிகாரி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சார். மஞ்சளைப் பாத்ததும் எல்லாரும் யூரியாவைத்தான் அள்ளிப் போடுவாங்க. இவன் போடல. இது இன்ன குறைன்னு இலையைப் பாத்தே கண்டுபிடிச்சிருக்கான். கையெழுத்துப் போடத் தெரியாதவன் செய்யற காரியம் இல்ல இது. விவசாயம் படிச்சவன் செஞ்சது."

அப்போது அங்கே நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். ஒருவர்கூட மேனேஜர் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததே திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வளத்த செடின்னு சொல்லிட்டீங்கள்ல, போதும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கேட்டார். "இங்க காவல் ஆரு?"

அப்பா கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல.

4

அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மா பின்னாலேயே ஓடினாள். ரோட்டு வளைவு வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து, காலையில் பறித்த காயைக் கூடையோடு எடை போடப் போனாள். என்ன செய்வது என்று தெரியாததால் போனாள் என்று நினைக்கிறேன். நானும் கூடப் போனேன்.

பிறகு நானும் அம்மாவும் கீழே இறங்கிப் போடியில் அந்த அதிகாரியைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஒரு சிறிய அறை. கண்ணாடிக் குப்பிகளில் உர வகைகளை வைத்திருந்தார். எங்களை உட்காரச் சொன்னார்.

"சார், அன்னைக்கு மலையில கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, படிச்சவன் செஞ்சதுன்னு. அத அவங்க எழுதல சார். எங்கப்பா மூணாப்போடப் பள்ளிக்கூடத்த விட்டவரு. நீங்க கோர்ட்டுல வந்து அதச் சொல்லணும்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஓர் ஆபீசரிடம் பேசியது அதுவே முதல் தடவை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாட்சிக்கு என்னை எப்படியும் கூப்பிடுவாங்கம்மா. கேள்வி கேட்டா எல்லாத்தையும் சொல்றேன். கேக்காட்டியும் ஜட்ஜுகிட்ட அனுமதி கேட்டுச் சொல்லிப் பாக்கிறேன்."

எனக்கு அழுகை வந்தது. அம்மா அழவில்லை. அவள் குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். "ஏன் சார், கீழ இலை மட்டும் ஏன் மஞ்சளாகுது?"

"சத்துப் பத்தாதப்ப செடி கீழ் இலையில இருக்கறத உருவி மேல குருத்துக்குக் குடுத்துரும்மா. கீழ் இலை வெளுத்து உதிர்ந்துரும். அது செடியோட இயற்கை."

"ஓ" என்றாள் அம்மா. "வாடி, பஸ்சு போயிரும்."

5

வழக்கு நாளில் அந்த அதிகாரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாளில் ஏதோ குறித்து வைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. அப்பாவுக்கு வக்கீல் வைத்தது முதலாளி. நாங்கள் கேட்காமலே வைத்தார். அது நல்ல மனசு என்று அம்மா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

அப்பாவைக் கூண்டில் நிறுத்தினார்கள். குற்றம் இன்னது என்று வாசித்துக் காட்டி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள்.

"ஆமாங்கய்யா. நாந்தேன் வச்சேன்" என்றார் அப்பா.

நீதிபதி இன்னொரு முறை கேட்டார். யாராவது சொல்லச் சொன்னார்களா என்றும் கேட்டார். "இல்லங்கய்யா. நாந்தேன்."

அவ்வளவுதான். சாட்சிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அப்போது இன்றைக்குள்ள கடுமையான சட்டம் வந்திருக்கவில்லை. இரண்டு வருடம் என்றார்கள்.

வெளியே வராந்தாவில் அப்பாவைக் கூட்டிப் போகும்போது அந்த அதிகாரி குறுக்கே வந்து நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது.

"பெரியவரே, மெக்னீசியம்னா என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "தெரியாதுங்க" என்றார்.

"பிறகு ஏன்யா ஒத்துக்கிட்டீங்க?"

அப்பா என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்து, "அம்மாவக் கூட்டிக்கிட்டு வெரசா போ ஆத்தா. வெயில் ஏறுது" என்றார். என்னை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

மழைக்காலம் முடிவதற்குள் மேனேஜர் ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். மதுரையில் ஒரு நர்சிங் பள்ளியில் எனக்கு இடம் வாங்கியிருப்பதாகவும், படிப்பு முடியும் வரை முதலாளி பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஏற்பாடு அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் அப்பாவைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்து நின்றார். ஆனால் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"அத நீங்க வைக்கலல்லப்பா?" என்றேன்.

"ஆரு வச்சா என்ன? காவல் என்னோடது."

"எனக்காக ஒண்ணும் நீங்க இப்படி..."

"ஒங்கிட்ட ஆரு கேட்டா?" என்றார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். "அங்க எனக்கு என்ன சோலி, இங்க எனக்கு என்ன சோலி? ரெண்டும் ஒண்ணுதேன். நீ போயிப் படி. போ."

நான் போனேன், படித்தேன். மதுரையில் அந்த வருடங்களில் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஊசி போடும் இடம், எலும்புகளின் பெயர், காய்ச்சல் அட்டவணை எல்லாம் நினைவிருக்கிறது. என்னைப் பற்றி மட்டும் ஒன்றும் நினைவில்லை. விடுதலையாகி வந்த அப்பா மறுபடியும் அதே தோட்டத்துக்கே காவலுக்குப் போனார். மேனேஜர் அவரை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். நான் முதலில் துபாய்க்குப் போனேன். பிறகு இங்கே.

6

கதிர் புதன்கிழமை மறுபடி வந்தான். துணி துவைக்கும் நாள் இல்லை. உப்புக் கரைசல் அடித்திருக்கிறார்கள், புது இலை சுத்தமாக வருகிறதா என்று பார்க்க இன்னும் சில நாள் ஆகும் என்றான். சாப்பிடச் சொன்னேன். சாப்பிடும்போது, "ஊர்ல எங்க பாத்த?" என்று கேட்டான்.

சொன்னேன். தமிழில் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து இங்கிலீஷுக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்து சொன்னேன். கூண்டு என்பதற்கு அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. லயம் என்பதற்கும். தாத்தா ஒத்துக்கொண்டதைச் சொன்னதும் அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஆனா அவர் செய்யல."

"செய்யல."

"அப்போ ஏன் எஸ் சொன்னார்?"

"என்னைப் படிக்க வைக்க."

அவன் அதைத் தனக்குள் மொழிபெயர்த்துப் பார்ப்பது தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு, "தாத்தா இங்க வந்ததே இல்லையே, ஏன்?" என்றான். "ஒரு போட்டோ கூட இல்லை."

"விசா கிடைக்கல" என்றேன்.

7

அதையும் எழுதிவிடுகிறேன். இவ்வளவு எழுதிவிட்டு அதை மட்டும் விடுவதில் அர்த்தமில்லை.

கதிர் பிறந்த பிறகு அப்பாவை ஒருமுறை இங்கே அழைத்துவரப் பார்த்தேன். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அவருக்குப் பாஸ்போர்ட் எடுக்கவே ஒரு வருடம் ஆயிற்று. பிறந்த தேதி தெரியாது, பள்ளிச் சான்றிதழ் இல்லை, ரேஷன் அட்டையில் ஒரு வயது, வாக்காளர் பட்டியலில் ஒரு வயது. அதையெல்லாம் தாண்டி விசா விண்ணப்பம் வரை வந்தோம். அதில் ஒரு கேள்வி இருந்தது. எந்த நாட்டிலாவது எந்தக் குற்றத்துக்காவது தண்டனை பெற்றதுண்டா?

ஊரில் அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக் கடைக்குப் போன் செய்து, அவரைக் கூப்பிட்டு வரச் சொன்னேன்.

"அப்பா, இல்லைன்னு போட்டுறலாம். அவ்வளவு பழைய கேஸ இங்க ஆரும் தோண்ட மாட்டாக. நிறையப் பேரு அப்படித்தேன் செய்றாக."

"ஆமான்னு போடு" என்றார்.

"அப்பா, நீங்க செய்யவே இல்லையே. எதுக்கு ஆமான்னு போடணும்?"

"ஜட்ஜு அய்யா ரெண்டு வாட்டி கேட்டாரு. ரெண்டு வாட்டியும் நாந்தேன்னு சொல்லியிருக்கேன். இப்ப வந்து இல்லன்னு எழுதச் சொல்றியா?"

நான் ஆமாம் என்று குறித்தேன். என்ன குற்றம் என்று விவரம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் கஞ்சா பயிரிட்டது என்று இங்கிலீஷில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். மருத்துவமனையில் எல்லோரும் சொல்வார்கள்.

சில மாதம் கழித்து மறுத்துவிட்டார்கள். கடுமையாக ஒன்றும் இல்லை, அச்சடித்த ஒரு தாள்தான். அதைப் படித்துவிட்டு இரவுப் பணிக்குப் போய்விட்டு வந்தேன். மறுநாள் போன் செய்தேன்.

"என்ன ஆத்தா, வேணாம்னுட்டாங்களா?" என்று அவரே கேட்டார்.

"ஆமாப்பா."

"சரி விடு. அங்க குளிரு சாஸ்தியாமே. எனக்கு எங்க ஒத்துக்கும்." பிறகு சொன்னார். "நீ போட்டதுல தப்பு இல்ல. கேட்டாக. உள்ளதச் சொன்னோம்."

உள்ளது என்றுதான் சொன்னார். நான் திருத்தவில்லை.

மழை பெய்கிறதா என்று கேட்டேன். தேவாரம் பக்கம் நல்ல மழையாம், நம் பக்கம் இன்னும் இல்லை என்றார்.